தாழ்ப்பாளுக்கு இரண்டு கையெழுத்து

அந்தத் தேதிக்கு மெர்லின் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாள். அந்த வகையில் அவளைக் குறை சொல்ல முடியாது. அடுத்தடுத்து இரண்டு நாள் சிவப்பில் இருந்தன, ஆயுத பூஜை, விஜயதசமி. மென்பொருள் வேலையில் அவள் கூட்டாளியான சிவசங்கர் வாத்தியார், அவனுக்குப் பள்ளிக்கூடம் லீவு, வீட்டில் சும்மாதான் இருப்பான், சேர்ந்து உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். "விஜயதசமி மதியம் பன்னிரண்டு மணி, சரி" என்று, அந்த மென்பொருளில் தப்பு கண்டுபிடித்துச் சொல்லியிருந்த நார்வேக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு நிம்மதியாகக் காபி குடித்தாள். அந்த லீவை எதற்காக விடுகிறார்கள் என்பது மட்டும் அன்றைக்கு அவளுக்கு நினைவு வரவில்லை.

"தாழ்ப்பாள்" என்பது அவளும் சிவசங்கரும் எட்டு வருஷத்துக்கு முன்னால், கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், கள்ளக்குறிச்சியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தொடங்கிய மென்பொருள். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் செய்தியைப் பூட்டி அனுப்பும், போன இடத்தில் திறக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் செயலியில் சேர்த்துக்கொள்ளலாம். உள்ளே எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்கலாம், தப்பு இருந்தால் சொல்லலாம். பொழுது போகாமல் ஆரம்பித்தது, இன்றைக்கு எந்தெந்த ஊரிலோ ஆஸ்பத்திரிச் சீட்டுக்குள்ளும் பஸ் டிக்கெட்டுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. இதை மெர்லின் ஒருநாள் மாமியார் இஞ்ஞாசியம்மாளிடம் பெருமையாகச் சொன்னாள். "அதுக்கு சம்பளம் இன்னா தராங்க?" என்று கேட்டார் அவர். ஒன்றும் தருவதில்லை என்றதும் பேச்சை வெங்காயத்துக்கு மாற்றிவிட்டார்.

நார்வேக்காரர் கண்டுபிடித்தது அதில் ஒரு ஓட்டை. செய்தியைத் திறப்பதற்கு முன் தாழ்ப்பாள் இரண்டு சோதனை செய்யும். முதலில் செய்தியைக் கட்டிய கட்டு சரியா என்று பார்க்கும், பிறகு அதன்மேல் வைத்த முத்திரை சரியா என்று பார்க்கும். கட்டு தப்பென்றால் அந்த நொடியே முடியாது என்றுவிடும். முத்திரை தப்பென்றால் ஒரு துளி தாமதித்து முடியாது என்னும். ரேஷன் கடைக்காரர் கார்டைப் பார்த்ததுமே கையை விரிப்பதற்கும், உள்ளே போய் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து கையை விரிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பொறுமையுள்ள திருடன் லட்சம் தடவை தட்டி, பதில் வரும் நேரத்தை அளந்துகொண்டே வந்தால், பூட்டை உடைக்காமலே உள்ளே இருப்பதைப் படித்துவிடலாம். நார்வேக்காரர் தங்கமான மனிதர், மூன்று மாதம் பொறுத்துக்கொண்டார். விஜயதசமி மதியம் உலகத்துக்கே சொல்லிவிடுவேன், அதற்குள் திருத்திய பதிப்பை வெளியிட்டுவிடுங்கள் என்றார்.

வெளியிடுவதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும். பேனாக் கையெழுத்து இல்லை. மெர்லினிடமும் சிவசங்கரிடமும் பென் டிரைவ் மாதிரி ஆளுக்கொரு சாவி இருக்கிறது, அதைக் கணினியில் செருகித்தான் கையெழுத்துப் போட முடியும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்பது டீக்கடையில் போட்ட முதல் விதி. கையெழுத்துப் போடும் ஆளை நீக்குவதென்றாலும் இரண்டு கையெழுத்தும் வேண்டும் என்பது இரண்டாவது விதி. இரண்டாவதை அன்றைக்கு விளையாட்டாகத்தான் எழுதினார்கள்.

இப்போது சிக்கலே சிவசங்கர்தான். மனைவி ஜெயசுதாவுக்குக் கல்வராயன் மலையில் நர்ஸ் வேலை கிடைத்ததும் அவனும் கூடவே மலையேறி, அங்கே ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறான். வெள்ளிமலையைத் தாண்டினால் போனில் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் வராது. இவள் அனுப்பும் திருத்தம் அவன் கையெழுத்துக்காக ஒரு வாரம், பத்து நாள் கிடக்கும். தாழ்ப்பாளுக்கு உதவுகிற வெளிநாட்டு நண்பர்கள் ஐந்தாறு பேர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடலாமே என்று குழுவில் எழுதினார்கள். மெர்லின் இரண்டு நாள் பதில் போடாமல் மென்று விழுங்கினாள். மூன்றாம் நாள், "இந்த வெளியீடு முடிந்ததும் நானே நேரில் பேசி முடிக்கிறேன்" என்று எழுதினாள். எழுதிய கை கூசியது, ஆனாலும் அனுப்பினாள்.

ஆயுத பூஜை அன்று காலை திருத்தம் தயாராக இருந்தது. எட்டு மணியிலிருந்து சிவசங்கருக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் திரும்பத் திரும்ப அலுக்காமல் சொன்னாள். பத்து மணிக்கு மெர்லின் போனை மேஜைமேல் கவிழ்த்துப் போட்டாள்.

"பேசாம ரெண்டு கையெழுத்தையும் நீயே போட்டுடேன். ஓனர் நீதான?" என்றான் அவள் கணவன் மார்ட்டின், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

சொல்லப்போனால் முடியும். விதியை நிறுத்திவைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. மெர்லின் அந்தப் பக்கத்தைத் திறந்து, அம்புக்குறியைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் பார்க்காமல் எங்களிடமிருந்து எதுவும் வராது என்று எட்டு வருஷமாக ஊருலகத்துக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்பதற்காக இன்றைக்கு அதை மாற்றிக்கொள்ள மனசு வரவில்லை. பக்கத்தை மூடினாள்.

"நான் மலைக்குப் போய்ட்டு வரேங்க" என்றாள்.

மணலூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி, அங்கிருந்து வெள்ளிமலை பஸ். முகப்பில் இரண்டு வாழைக்கன்றும் கண்ணாடியில் பட்டைபட்டையாகச் சந்தனமுமாக மாப்பிள்ளை கணக்காய் வந்து நின்றது. கண்டக்டர் டிக்கெட்டோடு ஒரு கை பொரியும் கொடுத்தார். கச்சிராயபாளையம் தாண்டி, அந்தப் பொரியைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் மெர்லினுக்கு உறைத்தது. கல்லூரி நாட்களில் சரஸ்வதி பூஜை வந்தால் சிவசங்கர் புத்தகங்களை எல்லாம் அடுக்கிப் பொட்டு வைத்துவிட்டு, மறுநாள் மறுபூஜை முடிகிறவரை ஒரு எழுத்துகூடப் படிக்க மாட்டான். அப்போது அவளுக்குப் பொறாமையாக இருந்தது, தங்கள் வீட்டில் இப்படியொரு பண்டிகை இல்லையே என்று. இப்போது மீதிப் பொரியைக் காகிதத்தில் மடித்து வைத்தாள்.

நினைத்தது நினைத்தபடியே நடந்திருந்தது. சிவசங்கர் வீட்டுக் கூடத்தில் பலகை போட்டு, ஜெயசுதாவின் ரத்த அழுத்தக் கருவி, ஸ்டெதாஸ்கோப், பள்ளிப் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் சிவசங்கரின் மடிக்கணினி. அதன்மேல் அந்தச் சாவி. தலை முதல் கால் வரை சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பக்கத்தில் ஒரு சாமந்திப்பூவும் சார்த்தியிருந்தது.

"இன்னாக்கா, ஒரு போன்கூட பண்ணாம வந்துட்டீங்க?" என்றாள் ஜெயசுதா.

"காலைலேர்ந்து பண்ணிக்கினுதான் இருக்கேன், சுதா."

மெர்லின் விஷயத்தைச் சொன்னாள். சிவசங்கர் கையைப் பிசைந்தான். பூஜையிலிருந்து எடுக்க அவனுக்கும் மனசில்லை, எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை, கடைசியில் மனைவியைப் பார்த்தான். ஜெயசுதா ஆஸ்பத்திரியில் கேட்பது போலவே கேட்டாள்.

"உயிர் போற கேஸாக்கா? பிரசவ கேஸு வந்துச்சுன்னா நானே பூஜைலேர்ந்து ஸ்டெதாஸ்கோப்ப எடுத்துக்கினு ஓடுவேன். சாமி ஒண்ணும் கேக்காது."

மெர்லின் யோசித்தாள். பொய் சொல்லலாம்தான். "நாளைக்கு மதியம் பன்னெண்டு வரைக்கும் இல்ல" என்றாள்.

"அப்ப மறுபூஜை காலைல ஏழு மணிக்கு. மொதல்ல சுண்டல் சாப்புடுங்க."

சுண்டல் நன்றாகத்தான் இருந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மெர்லின் மடிக்கணினியைத் திறந்தாள். அவள் வீட்டில் பூஜை இல்லை, அதனால் அவள் கணினிக்கு லீவும் இல்லை. சிவசங்கர் திரையைப் பார்க்காமல் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டான்.

"இன்னிக்கு நான் படிக்கத்தான் கூடாது. கேக்கலாம் இல்ல? இன்னா மாத்தனன்னு வாயால சொல்லு. காலைல நேரம் கம்மியாவும்."

"கேக்கறதுக்கு இன்னா, தாராளமா கேளுங்க" என்று உள்ளேயிருந்து ஜெயசுதாவின் அனுமதி வந்தது.

மெர்லின் சொல்ல ஆரம்பித்தாள். திரையில் காட்டினால் ஐந்து நிமிஷ வேலை. முதுகுக்குச் சொல்வதென்றால் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது, ஏன் செய்கிறது என்று பிட்டுப்பிட்டு வைக்க வேண்டியிருந்தது. அவன் அங்கங்கே நிறுத்தி, ஏன், எதற்கு என்று கேட்டான். அவளுக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் சொன்னாள்.

"இனிமே கட்டு தப்பா இருந்தாலும் முத்திரைய பாக்காம விடாது. ரெண்டையும் முழுசா பாத்துட்டுதான் முடியாதுன்னு சொல்லும். எப்பவும் ஒரே நேரம்தான் ஆவும்."

"எல்லா செய்திக்கும் இதே வழிதானா?"

"ஆமா."

"சின்னச் செய்தி? பதினாறு எழுத்துக்குள்ள இருந்தா?"

மெர்லின் அந்தப் பகுதியைத் தேடித் திறந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், வேகம் போதவில்லை என்று யாரோ சொன்னதற்காக, சின்னச் செய்திகளுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி போட்டவள் அவள்தான். நாலு பேர் பாராட்டினார்கள், அவளும் மறந்துவிட்டாள். அந்தக் குறுக்கு வழியில் பழைய ஓட்டை அப்படியே கிடந்தது. நார்வேக்காரர் கண்ணில்கூட அது படவில்லை. ஓடிபி, ரகசிய எண், இந்த மாதிரிச் சின்னச் செய்திகளெல்லாம் அந்த வழியில்தான் போகின்றன. காலையில் அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால், எல்லாம் சரியாகிவிட்டது என்று அவள் கையெழுத்துப் போட்டிருப்பாள், ஓட்டை எந்த மாதிரி என்று நாளை மதியம் நார்வேக்காரர் உலகத்துக்கே படம் போட்டுக் காட்டியிருப்பார். தேடுகிறவன் குறுக்கு வழிக்கு வர எத்தனை நேரம் ஆகும்?

"இன்னா, சத்தத்தையே காணோம்?" என்றான் சிவசங்கர்.

"இருக்குது சிவா. அப்படியே இருக்குது. நான் பாக்கல."

அவன் திரைப்பக்கம் முகத்தைத் திருப்பி, ஞாபகம் வந்து மறுபடி முதுகைக் காட்டினான். "சரி, எழுது. நான் எங்கியும் போவல."

வெளிச்சம் போவதற்குள் குறுக்கு வழியை அடைத்துவிட்டாள். சோதனைகளை ஓட்டி, மறுபடி முதலிலிருந்து வரிவரியாக அந்த முதுகுக்குச் சொன்னாள். இந்தத் தடவை எரிச்சல் வரவில்லை.

காலை ஏழு மணிக்கு மறுபூஜை. கற்பூரம் காட்டி முடித்ததும் முதலில் எதையாவது படிக்க வேண்டும் என்பது வழக்கம், சிவசங்கர் தாழ்ப்பாளின் திருத்தத்தைப் படித்தான். வரிக்கு வரி நிதானமாகப் படித்து, சரி என்று சாவியை எடுத்துச் செருகப் போனால், அது நுழையவில்லை. செருகும் வாயெல்லாம் சந்தனம் போய் இறுகிக் கிடந்தது.

"சாவிக்கு யாருடா சந்தனத்த இப்படி அப்புனது?" என்றாள் மெர்லின்.

"நான்தான். வருஷம் பூரா உழைக்குதேன்னு கொஞ்சம் ஜாஸ்தியா வெச்சுட்டேன்."

ஜெயசுதா ஒரு வார்த்தை பேசாமல் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தாள். ஊசி போடுவதற்கு முன் தோளைத் துடைக்கிற அதே கையால் சாவியின் வாயைத் துடைத்து, ஈர்க்குக் குச்சியால் உள்ளே நோண்டி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தாள். இரண்டு தடவை ஏமாற்றிவிட்டு மூன்றாம் தடவை சாவியின் விளக்கு எரிந்தது. மூன்று பேரும் மூச்சு விட்டார்கள்.

ஊருக்கு மேலே தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல். அங்கே போய்ச் சிமென்ட் மேடையில் இரண்டு கணினியையும் வைத்து, அவளுடைய கையெழுத்து, அவனுடைய கையெழுத்து. பத்து மணி பத்து நிமிஷத்துக்குத் திருத்திய பதிப்பு வெளியே போனது. குறுக்கு வழி விஷயத்தை, தப்பு என்னுடையது என்று சொல்லி, நார்வேக்காரருக்கும் எழுதினாள். "நான் அதைக் கவனிக்கவேயில்லை. யார் கண்டுபிடித்தது?" என்று பதில் வந்தது. மெர்லின் சிவசங்கர் பெயரை எழுதி அனுப்பினாள்.

அப்போதுதான் அவன் தன் கணினியை அவள் பக்கம் திருப்பினான். ஒரு கடிதம். கையெழுத்துப் போடும் பொறுப்பிலிருந்து தன்னை நீக்கிவிடும்படி கேட்டு எழுதியிருந்தான். கீழே அவன் கையெழுத்தும் விழுந்திருந்தது.

"எழுதி ஒரு மாசம் ஆவுது. கேக்கறதுக்கு உனக்குச் சங்கடமா இருக்கும்னு நானே போட்டுட்டேன். குழுவுல எழுதனதெல்லாம் நானும் படிச்சேன், மெர்லின். மெதுவா வந்தாலும் இங்கயும் வருது இல்ல."

தான் எழுதியதையும் அவன் படித்திருக்கிறான். மெர்லினுக்கு வெட்கமாக இருந்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அதையும் கேக்கத்தான் வந்தேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"தெரியும். என்னால எல்லாம் லேட்டாவுதுன்றது நெஜம்தான?"

"நெஜம்தான். நீ இல்லன்னா நேத்து காலைலயே வெளியிட்டிருப்பேன். ஓட்டையோட."

சிவசங்கர் திரையில் இருந்த கடிதத்தை மறுபடி பார்த்தான்.

"இதுக்கும் ரெண்டு கையெழுத்து வேணும் இல்ல?" என்று கேட்டாள்.

"ஆமா. உன்னுது ஒண்ணுதான் பாக்கி."

மெர்லின் தன் சாவியைக் கணினியிலிருந்து பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். "அது பாக்கியாவே இருக்கட்டும்" என்றாள். சிவசங்கர் தொட்டியைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பனி ஜாஸ்தி இங்க" என்றான். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

குழுவுக்கு மெர்லின் ஒரே வரி எழுதினாள்: "பேசினேன், சிவசங்கர் தொடர்கிறார்." பிறகு தாழ்ப்பாளின் விதிகளைத் திறந்து, மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தாள். ஆயுத பூஜை அன்றும் மறுநாளும் வெளியீட்டுக்குத் தேதி கொடுக்கக் கூடாது. விதியைச் சேர்க்கவும் இரண்டு கையெழுத்து வேண்டுமென்பதால், பைக்குள் போன சாவி மறுபடி வெளியே வந்தது.

"எடுத்ததுதான் எடுத்த, அப்படியே அந்த லெட்டர்லயும்…" என்றான் சிவசங்கர்.

"மூடிக்கினு இதப் படி."

அவன் அந்த ஒற்றை வரியை முதலிலிருந்து கடைசிவரை படித்தான். கன்னத்தைச் சொறிந்துகொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தான். கீழே பஸ் ஹாரன் கேட்டது. மெர்லின் அவசரப்படுத்தவில்லை.