கொடியில் காய்ந்த ஏரி

சிகுசா கடைக்குப் போய்த் திரும்பியபோது துணிக்கொடியில் ஏரி தொங்கிக்கொண்டிருந்தது. நாணல், படகு, எதிர்க்கரை மலை எல்லாம் வெறும் கறுப்புக் கோடுகளாக, தாள் தாளாக, கிளிப் மாட்டி.

"என்னங்க இது?"

கணவர் மொரியோ பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்க மாட்டார். "அயிலை மீன் வாங்கினேன், ஃப்ரீசர்ல இடமில்ல. பார்த்தா உன் பேப்பரெல்லாம் நனைஞ்சு கிடக்கு. பாவமேன்னு காயப்போட்டேன். மழையும் விட்டுருக்குல்ல."

"அது நனைஞ்சுதாங்க இருக்கணும். பூஞ்சை பிடிக்கக் கூடாதுன்னுதானே ஃப்ரீசர்ல வச்சேன்."

சிகுசா மரக்கட்டையில் செதுக்கிய படங்களை நிறம் நிறமாக அச்சிடுபவள். ஈரத்தில் விரிந்த தாளில்தான் கோடுகளை அச்சிட்டிருந்தாள். காய்ந்தால் தாள் சுருங்கும், மரக்கட்டை சுருங்காது. அடுத்து நீலக் கட்டையில் வைத்தால் தண்ணீரின் நீலம் கரையேறி மலையில் போய் நிற்கும். படம் வரைந்த குராதா நாளைக் காலை நீலத்தைப் பார்க்க வருகிறார். அவருக்கு அவள் அச்சிடும் முதல் படம் இது. சொதப்பினால் இதுவே கடைசி.

செய்தித்தாள்களை நனைத்து, ஒவ்வொரு தாளுக்கும் இடையில் வைத்து, மேலே பலகையை ஏற்றினாள்.

"பாரத்துக்கு நான் வேணா உட்காரட்டுமா?"

"நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க. அது போதும்."

போன் அடித்தது. குராதாதான். "ஏரி எப்படிம்மா இருக்கு?"

"தண்ணிக்கு இன்னும் நிறம் ஏத்தலைங்க," என்றாள்.

சாயங்காலம் பலகையை எடுத்தாள். தாள் பழைய அளவுக்கு விரிந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது, அச்சிட்டால்தான் தெரியும். கட்டையில் நீலத்தைத் தடவி, கரையோரம் ஈரத்துணியால் துடைத்து வெளிறவைத்தாள். தாளின் மூலையைக் கட்டையில் வெட்டியிருந்த அடையாளத்தில் பொருத்தி, தேய்த்து, மூச்சை அடக்கி உரித்தாள்.

நீலம் நாணல் வரை வந்து நின்றது.

அடுத்த தாளையும் அதே அடையாளத்தில் பொருத்தி உரித்தாள். அதற்கடுத்ததையும். வெயில் பட்ட ஓரத்தில் தொங்கிய ஒன்று மட்டும் வழிக்கு வரவில்லை. நீலம் படகுக்குள் ஏறிவிட்டது. அதைத் தனியே எடுத்துவைத்தாள். மிச்சமெல்லாம் தேறின.

மொரியோ மீன் பொட்டலத்தோடு வாசற்படியில் நின்றார். "இப்ப வைக்கலாமா?"

"எல்லாத்தையும் இன்னிக்கே பொரிச்சிடுங்க," என்றாள், ஈரத்தாள்களை அடுத்த நிறத்துக்காகச் சுற்றிக் கட்டியபடி. "ஃப்ரீசர்ல ஏரி இருக்கு."