கூமுட்டை வழக்கு

1

"உனக்க சாவலுக்குக் கொண்டையைத் தவிர வேற என்னட்டி இருக்கு, வெள்ளையா வளந்து நிக்கியதுக்கு—"

"எனக்க சாவலைச் சொல்லாதீங்கக்கா, உங்க கோழிக்க வயித்தைப் போய்—"

"எனக்க கோழி முட்டை முட்டையா இடுது, நீ—"

"இடுது. பொரிக்குதா?"

இந்தக் கதை என்னிடம் வந்தது இப்படித்தான், நடுச்சண்டையில். எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். முகங்கள் பின்னால் வரும், சில சமயம் வராமலே போகும். எழுபது வயதுக்கு மேல் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வதாக இல்லை.

எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கோழிகளைப் பார்க்க வந்த கால்நடை டாக்டர் ஜெபகுமாரி, நான் தவிட்டில் கலந்து வைத்திருந்த மீன் எண்ணெயை முகர்ந்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். எண்ணெய் காறிவிட்டதாம். தவிட்டிலும் கீரையிலும் கரு நிலைக்க வேண்டிய சத்து ஒன்று உண்டாம்; காறிய எண்ணெய் அதைத் தின்றுவிடுமாம். "கோழி பளபளன்னு நிக்கும், முட்டையும் இடும். உள்ளே உயிர் நிலைக்காது" என்றாள்.*

அவள் படியிறங்கியதும் மேலே உள்ள இரண்டு பெண்களும் என் காதுக்குள் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.

(* பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு அளவு மீறினால் காளைக்கும் விதை வேலை செய்யாமல் போகலாம் என்றும் சொன்னாள். அது வேறு கதை. அதில் ஆண்கள் சண்டை போடுவார்கள். எனக்கு அவ்வளவு நன்றாகக் கேட்காது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தேங்காப்பட்டணத்தில் கடல் அன்று—"

வேண்டாம். கடலை முதலில் விட்டால் கதையைக் குடித்துவிடும்.

பிறகு இப்படி: "கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றாறில், திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்—"

இதற்குள் நீங்கள் தூங்கிப்போயிருப்பீர்கள்.

ஆனால் வருஷம் அதுதான். ஆங்கிலக் கணக்கில் 1931. ஏன் அந்த வருஷம் என்றால், அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சீமையில் எலிகளுக்கு விதவிதமாகத் தீனி போட்டு இந்தச் சத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தச் சேதி தேங்காப்பட்டணம் வந்து சேரவில்லை. ஆகவே உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது என் பெண்களுக்குத் தெரியாது. இந்த அனுகூலத்தை வைத்து நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். ரொம்ப நேரம் முடியாது, சொல்லிவிட்டேன்.

3

வேலிக்கு அந்தப் பக்கம் மைமூன் பீவி. அவள் புருஷன் மைதீன் கனி சுறா ஈரலைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பவர். கொப்பரையின் அடியில் தங்கும் கசண்டை அவள் ஒரு பானையில் சேர்த்து, வெயிலில் வைத்து, தவிட்டோடு பிசைந்து கோழிகளுக்குப் போட்டாள். தெருவில் வேறெந்தக் கோழிக்கும் அந்த ராஜபோகம் கிடையாது.

வேலிக்கு இந்தப் பக்கம் ராஜபாய். வேதக்கோயிலில் விளைச்சலைக் காணிக்கையாக வைக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அவள் பிடித்துக்கொண்டு வந்தது ஒரு வெள்ளைச் சீமைச் சேவல். வாரத்துக்கு விடுவது என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்: கோழி ஒருத்தியுடையது, சேவல் ஒருத்தியுடையது, பொரிக்கிற குஞ்சு பாதிப் பாதி. அடை காப்பது ராஜபாய் வீட்டு நாட்டுக்கோழி.

முதல் அடை முழுக்கக் கூமுட்டை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுக்குப் பிறகுதான் நீங்கள் மேலே கேட்ட பெகளம்.

இப்போது முக்கியமான விஷயம். (இதை இன்னும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். சண்டை சுவாரசியமாக இருந்ததால் தள்ளிப்போட்டேன்.) ராஜபாய்க்குக் கல்யாணம் முடிந்து ஆறு வருஷம். பிள்ளை இல்லை. வருகிற அறுப்பின் பண்டிகை கழிந்ததும் அவளை அருமனையில் தாய்வீட்டில் கொண்டுவிட்டுவிடுவது என்று மாமியார் செல்லபாய் சபையார் காதில் போட்டுவைத்துவிட்டாள். திரும்பக் கூட்டிவரும் தேதியை யாரும் சொல்லவில்லை.

4

மூன்றாவது அடையின் முட்டை ஒன்றை ராஜபாய் எல்லார் முன்னாலும் உடைத்தாள். நாற்றத்துக்கு மைமூன் பீவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே மஞ்சளின் மேல் சிவப்பாக ஒரு ரத்த வளையம்.

"பாருங்கக்கா. உயிர் தொடங்கியிருக்கு. சாவல் அதுக்க வேலையைச் செய்தாச்சு. வச்சு வளக்கத் தெரியாத்தது உங்க கோழிக்க வயிறு. குறை பொட்டையிலதான்."

வாசலில் நின்ற செல்லபாய்க்குப் பரம திருப்தி. அதைத்தானே ஆறு வருஷமாகத் தானும் சொல்லிவருவதாக அவள் தலையை ஆட்டினாள். ஆணில் குறை வராது, மனுஷனானாலும் சாவலானாலும்.

மைமூன் பீவி இதற்குக் கத்துவாள் என்று எதிர்பார்த்து எழுதுகோலைத் தீட்டி வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"இந்தச் சொல்லை நான் முந்தியே கேட்டிருக்கேன், பிள்ளே. உனக்க மாமிக்க வாயில. உன்னைப் பத்தி."

ராஜபாய் கையில் முட்டை ஓட்டோடு நின்றாள். வழக்கில் ஜெயித்துவிட்டாள். ஜெயித்தது மாமியாரின் கட்சி.

5

(ரசலையனைப் பற்றி. ராஜபாயின் புருஷன். கருப்பட்டி வியாபாரம். இவனை எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். குரல் கேட்கவே இல்லை. கெட்டவன் என்று எழுதினால் சுலபம்; ஆனால் சாப்பிடும் சத்தம் கேட்கிறது, அதில் கெட்டதனம் எதுவும் இல்லை. "ரசலையன் தன் தாயிடம் திரும்பி, அம்மா, நீங்க—" இதோடு நின்றுபோயிற்று. அவன் பேச மாட்டேன் என்கிறான். விட்டுவிட்டேன்.)

6

ஆனியில் கடல் பொங்கியது. ஒரு வள்ளமும் இறங்கவில்லை. சுறா இல்லை, ஈரல் இல்லை, எண்ணெய் இல்லை, கசண்டும் இல்லை. மைமூன் பீவியின் கோழிகள் சாதாரணக் கோழிகள் ஆயின: குப்பையைக் கிளறின, கீரையைக் கொத்தின, வெறும் தவிடு தின்றன. பளபளப்பு போயிற்று. முட்டையும் குறைந்தது.

மனசு கேட்காமல் ராஜபாய் அந்தக் கொஞ்சம் முட்டையையும் அடை வைத்தாள். ஆடி மழையில் பொரித்தன. கூடை நிறையக் கீச்சுச் சத்தம்.

மைமூன் பீவிக்குப் பெருமை தாங்கவில்லை. பட்டினி கிடந்த கோழியே இப்படிப் பொரித்தால், எண்ணெய் வந்த பிறகு முற்றம் கொள்ளாது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தாள். ஆவணியில் கடல் திறந்தது, எண்ணெய் வந்தது, பானை வெயிலுக்குப் போயிற்று. அடுத்த அடை மொத்தமும் கூமுட்டை.

கூடையின் இரு பக்கமும் இருவரும் குந்தி இருந்தார்கள். அதே கோழிகள், அதே சேவல். மாறியது எது என்று ராஜபாயின் முகம் கணக்குப் போட்டது.

"அக்கா, எண்ணெயா?"

"சீத்த பேச்சு பேசாதே. பிள்ளைகளுக்கே குடுக்கியது."

புது எண்ணெயைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, இதைப் பூனைகூடத் தீண்டாது என்றாள் ராஜபாய். சண்டை மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை ஜெயிப்பதற்காகவே கோழிகளைப் பிரித்தார்கள். பாதிக்கு எண்ணெய்த் தவிடு, பாதிக்கு வெறும் தவிடும் கீரையும். முட்டையில் கரியால் அடையாளம். பண்டிகைக்கு முந்தின வாரம் பொரித்ததெல்லாம் வெறும் தவிட்டுக் கோழியின் முட்டைகள். எண்ணெய்க் கோழியின் முட்டை ஒன்றுகூட இல்லை. மைமூன் பீவி பானையைத் தூக்கி வேலிக்கு வெளியே போட்டுவிட்டு, "பொட்டையும் குறையில்லே, ஆணும் குறையில்லே. இத்தனை நாளும் என்னத்துக்குட்டி அடிச்சுக்கிட்டோம்?" என்று சிரித்தாள்.

ராஜபாய் சிரிக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

7

முடிவுகள்.

முதலாவது: அடுத்த வருஷம் ராஜபாய்க்குப் பிள்ளை பிறக்கிறது. எழுதி, அடித்துவிட்டேன். பிள்ளை பெற்றதனால்தான் அவள் பக்கம் நியாயம் என்று ஆகிவிடும், பெறாவிட்டால்?

இரண்டாவது: சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலை நிமிர்ந்து அருமனைக்கு வண்டி ஏறுகிறாள். பார்க்க அழகுதான். ஆனால் அது அவள் எடுத்த முடிவல்ல, செல்லபாய் எடுத்தது. சேவலுக்கும் பிடிக்காது.

மூன்றாவதை நான் எழுதவில்லை, கேட்டேன். பண்டிகைக்கு மறுநாள் மத்தியானம். ராஜபாயின் பெட்டி நடையில் இருக்கிறது. ரசலையன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். செல்லபாய் மருமகளிடம் வருத்தமெல்லாம் வேண்டாம் என்கிறாள், தன் மகனில் ஒரு குறையும் கிடையாது, ஊருக்கே தெரியும் என்கிறாள். ராஜபாய் குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கிறாள். கோபம் இல்லை அவளுக்கு. கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபோது வந்த அதே முகம்.

அவள் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு யாராவது வாய் திறந்தார்களா, அந்தப் பெட்டி எந்தப் பக்கம் போயிற்று என்பது கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு எவ்வளவோ நேரம் இருந்து பார்த்தேன். உங்களுக்குக் கேட்டால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

"மாமி, உங்க மகனுக்குச் சின்னதிலேருந்து என்ன தீனி போட்டு வளத்தீங்க?"