ஆந்தை உத்தியோகம்

"ஒரு நகரத்தின் மானம் அதன் வானத்தில் இருக்கிறது. அந்த வானத்தில் அந்நியச் சிறகுகளுக்கு இடமில்லை" என்று முழங்கினார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர், லிஃப்ட் எப்போது ஓடும் என்று விசாரிக்க வந்தவர்கள்.

அந்நியர் என்று அவர் சொன்னது கிளிகளை. எந்தக் காலத்திலோ யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பிய ஒரு ஜோடி பெருகி, இப்போது சாயங்காலமானால் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியைச் சுற்றிக் கூட்டமாய் வந்து இறங்கும். நம்மூர்க் குருவிகளின் பொந்தைப் பிடுங்கிக்கொண்டன, கத்திக் காதைக் கிழிக்கின்றன, மரியாதை தெரியவில்லை என்று புகார்கள். முதல் புகாருக்கு ஆதாரம் இருந்தது. கடைசிப் புகாரைத்தான் எல்லோரும் அழுத்திச் சொன்னார்கள்.

"வருஷக் கூட்டத்துக்குள்ள மாடியில ஒரு கிளி இருக்காது. இருந்தா இந்தப் பதவியே எனக்கு வேண்டாம்" என்று செயலாளர் வாயை விட்டுவிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். படியில் எதிர்ப்படுகிறவர்கள் ஒதுங்கி வழிவிடுவது அந்தப் பதவிக்குத்தான். வீட்டில் அவர் குப்பைக்கூடையைக் கீழே கொண்டுபோகிற ஆள்.

கிளிகளை மிரட்ட பிளாஸ்டிக் ஆந்தை ஒன்று வரவழைத்தார்கள். பெட்டியைப் பிரித்ததும் மூன்றாம் மாடிப் பல் டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது நம்மூர் ஆந்தை இல்லையே."

"பொம்மைதானே டாக்டர்."

"பொம்மைன்னாலும் கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல? அந்நியனை விரட்ட இன்னொரு அந்நியனையா கூட்டிட்டு வர்றது?"

நம்மூர் ஆந்தை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பொம்மை மறுபடி பெட்டிக்குள் போயிற்று. அதற்குப் பதில், அசல் உள்ளூர்க்காரர் ஒருவர் தினமும் மாலையில் மாடியில் அசையாமல் உட்கார்ந்து முறைப்பது என்று தீர்மானமாயிற்று. மூன்று தலைமுறையாக இதே தெருவில் இருப்பவர் செயலாளர் ஒருவர்தான்.

"முறைக்கிறதுக்கு ஆள் தேடினாங்களாக்கும்" என்றாள் அவர் மனைவி. "என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

முதல் நாள் கிளிகள் மிரண்டு எதிர்வீட்டு ஆன்டெனாவுக்குப் போயின. மறுநாள் தொட்டியின் விளிம்புவரை வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தன. அதற்குப் பிறகு பார்க்கவும் இல்லை.

வெயில் சாயும்போது வானம் நனைத்த துணிபோலச் சாயம் விடும். அதற்குள்ளிருந்து சத்தம் முதலில் வரும், பச்சை பிறகு. அவரைச் சுற்றி இறங்கும். அசையக் கூடாது என்பது தீர்மானம், அவர் அசையவில்லை. ஒன்று மடியில் ஏறியது. இன்னொன்று தோளில் உட்கார்ந்து, பழமா இல்லையா என்று அவருடைய காதை மெல்லக் கடித்துப் பார்த்தது. கீழே தெருவும் ஹார்ன்களும் பால்கனிகளில் காயும் சட்டைகளும் தண்ணீருக்கடியில் கிடப்பவைபோல் ஆடின. தானும் கொஞ்சம் பச்சையாகிவிட்டதாகவும், கையை விரித்தால் மாடி தன்னை விட்டுக் கீழே போய்விடும் என்றும் அவருக்குத் தோன்றும். முறைக்க வேண்டும் என்பது நினைவுக்கு வரும்போது இருட்டியிருக்கும்.

"கிளியெல்லாம் போகுதா?" என்பாள் மனைவி.

"போயிட்டுத்தான் இருக்கு."

பொய்யில்லை. மறுநாள் திரும்பி வருமா என்று அவள் கேட்கவில்லை.

வருஷக் கூட்டத்தன்று கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஆந்தையார் எங்கப்பா?" என்றார் தரைத்தளத்துப் பேக்கரிக்காரர்.

"டியூட்டியில இருக்கார்."

கூப்பிட ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. தூக்கத்தில் நடப்பவர்போல இறங்கி வந்து மைக் முன்னால் நின்றார். செயலாளர் பதவிமேல் வெகுநாளாய்க் கண்ணுள்ள பல் டாக்டர் முன்வரிசையில் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அப்புறம்? கிளி விஷயம் என்னாச்சு?"

உண்மையைச் சொன்னால் பதவி போகும். பதவி போனால் மாடிச் சாவியும் போகும். இரண்டில் எதை விட மனமில்லை என்று செயலாளருக்கே தெளிவாகவில்லை.

"எனக்குத் தெரிஞ்சு, ஒரு கிளிகூட இப்ப மாடிப்பக்கம் எட்டிப்பாக்கிறதில்ல" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. அவருடைய இரண்டு தோளிலும் எச்சம் இருந்தது.