ஒன்றாம் எண்ணின் தத்துப்பிள்ளை

உலகத் தமிழ்ப் பெருமக்கள் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கவும்: கிங்ஸ் சர்க்கிள் லினக்ஸ் குழு இன்று மாலை தன் சர்வரின் இனிட்டை மாற்றிக்கொள்கிறது.

இனிட் என்றால் என்னவென்றே தெரியாமல் இத்தனை காலம் உயிர் வாழ்ந்துவிட்டவர்களுக்காக: கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் எழுந்து, மற்ற நிரல்களைத் தட்டி எழுப்பும் நிரல் அது. அதன் எண் ஒன்று. ஆரம்பித்து வைத்தவர் போன பிறகும் அநாதையாக ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைத் தத்தெடுத்துக்கொள்வதும் அதுதான். அந்தப் பதவியில் பழையதே இருக்கட்டுமா, ஊரெல்லாம் போட்டுக்கொண்டுவிட்ட புதியதை உட்காரவைக்கலாமா என்று மாட்டுங்காவில் ஒரு மாடியறையில் ஏழு பேர் இரண்டு வருடமாகச் சண்டை போட்டார்கள்.

புதியதின் கட்சித் தலைவர் சந்திரமௌலி, வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் அதிகாரி. பேச எழுந்தால், இல்லாத மைக்கைச் சரிசெய்துகொள்வார். எதிர்க்கட்சி, தாராவியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாரிக்கண்ணன்.

"சார்வாள், இந்தப் புதுசு எல்லாத்தையும் தன் கையில வச்சுக்கிடும். நாளைக்கு நம்ம கக்கூஸ் தாப்பாளையும் அதுகிட்ட கேட்டுத்தான் தெறக்கணும்."

"உன் தாப்பாள் துருப்பிடிச்சு வருஷமாச்சு, மாரி. ஓட்டுக்கு விடலாமா?"

நாலுக்கு மூன்று. சந்திரமௌலி வென்றார்.

ஒரே ஒரு சங்கடம். மூலையிலிருந்த சர்வர் நான்கு வருடமாக அணைக்கப்பட்டதே இல்லை. ஆயுத பூஜையன்று மற்ற இயந்திரங்கள் ஓய்ந்து சந்தனம் பூசிக்கொள்ளும். இது ஓடியபடியே பூசிக்கொள்ளும். குழுவின் பெருமையே அதுதான். இனிட் மாற வேண்டுமானால் ஒருமுறை அணைத்தே ஆக வேண்டும்.

அணைக்குமுன் என்னென்ன ஓடுகிறது என்று சந்திரமௌலி திரையில் பார்த்தார். ஒரு வரியில் அவர் விரல் நின்றது. நிரலின் சொந்தக்காரர்: வேங்கடசுப்ரமணியன். தாய்: எண் ஒன்று.

குழுவை ஆரம்பித்த வேங்கடசுப்ரமணியன் செத்து இரண்டு வருடமாகிறது.

நிரல் தினமும் ஒரு போன் எண்ணுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. அது செம்பூரில் இருக்கும் அவர் மனைவி விசாலாக்ஷியின் எண். சந்திரமௌலி கூப்பிட்டார்.

"ஆமா மௌலி. ஆபீஸ்லேந்து புறப்படறச்சே சொல்ல மறந்துடறார்னு சண்டை போட்டேன். அதுக்காக எழுதினார். சாயங்காலமானா 'கிளம்பிட்டேன்'னு வரும். இப்பவும் வரது. இன்னிக்கும் வந்தாச்சு. டிகாக்ஷன் இறங்கிண்டிருக்கு."

"மாமி, இந்த மிஷினை அணைக்கணும். கவலைப்படாதீங்கோ, புதுசுல அதே மாதிரி நான் எழுதித் தரேன்."

"வேண்டாம். அது நீங்க அனுப்பறதுன்னா ஆயிடும்." டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. "நிறுத்தினா அவருக்குத் தெரியுமோ?"

சந்திரமௌலிக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தார். ஆறு பேர் காத்திருந்தார்கள். இரண்டு வருடச் சொற்பொழிவை ஒரு டம்ளர் காபிக்காக ரத்து செய்ய முடியுமா? கட்டளையைத் தட்டினார்.

சர்வரின் விசிறி வேகம் இறங்கி இறங்கி நின்றது. நான்கு வருடமாகச் சத்தம் என்றே யாரும் நினைக்காத அந்தச் சத்தம் போனதும் அறை திடீரென்று பெரிதானதுபோல் இருந்தது. யாரோ எழுந்து போனதுபோலவும் இருந்தது. மாரிக்கண்ணன் தன்னையறியாமல் வாசல் பக்கம் ஒதுங்கி வழிவிட்டார்.

சந்திரமௌலியின் போன் அடித்தது.

"மௌலி," விசாலாக்ஷியின் குரல் தணிந்திருந்தது. "'வந்துட்டேன்'னு வந்திருக்கு."

"என்ன மாமி?"

"இத்தனை நாள்ல ஒருதரம்கூட அப்படி வந்ததில்லை. லிஃப்ட் எங்க மாடில வந்து நிக்கறது. உள்ள யாருமில்லை. வாசக்கதவைத் திறந்து வச்சுட்டேன்."

போன் துண்டிக்கப்பட்டது. சர்வரின் திரை கறுப்பாக இருந்தது. சந்திரமௌலியின் கை அதைத் திரும்ப உயிர்ப்பிக்கத் தயங்கியது. "என்ன சார், மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்றார் மாரிக்கண்ணன். சந்திரமௌலி பொத்தானை அழுத்தினார். புதிய ஒன்றாம் எண் எழுந்தது. ஒரு பிசிறில்லை. யாரும் கைதட்டவில்லை.

பழைய பேக்கப்பைக் கிளறி, இறந்தவரின் நிரலைத் தேடிப் பிடித்தார். இரண்டே வரி. மாலையானால் 'கிளம்பிட்டேன்' என்று அனுப்பு. யாராவது உன்னை நிறுத்தினால் 'வந்துட்டேன்' என்று அனுப்பிவிட்டு நின்றுவிடு.

இவ்வளவுதானா என்று மூச்சு வந்தது. உடனே செம்பூருக்குப் போன் போட்டார்.

"மாமி, ஒண்ணுமில்லை, அது வந்து..."

"மெதுவாப் பேசுங்கோ, மௌலி," என்றார் விசாலாக்ஷி. "காபி குடிச்சிண்டிருக்கார்."

சந்திரமௌலி போனை மேஜைமேல் வைத்துவிட்டு, சர்வர் கடந்த இரண்டு வருடத்தில் செய்த வேலைகளின் பதிவைப் பார்த்தார்.

தினமும் அந்த ஒரு செய்தியை அனுப்பியதைத் தவிர அது வேறு எந்த வேலையும் செய்திருக்கவில்லை.