வெயில் விழிப்புணர்வு முகாம்

பிறந்ததிலிருந்தே பெனினின் உடம்பில் நிறம் கிடையாது. முடி, இமை, தோல் எல்லாமே வெள்ளை. தேங்காய்ப்பட்டணத்தில் அவனைச் 'சாயிப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வெள்ளைக்காரச் சாயிப்பும் பதினெட்டு வருஷம் நடுக்கடல் வெயிலில் நின்று வலை இழுத்ததில்லை. போன வருஷம் வலக்காதில் ஆறாத புண் என்று பாதிக் காதை வெட்டி எடுத்தார்கள். மீதிக் காதில் இப்போது மறுபடியும் புண் பொடித்து, கட்டுப் போட்டிருக்கிறது. இனி வெயில் பட்டால் காதோடு நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கூரைக்கு அடியில் வேலை என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான், மரியஜானின் ஐஸ் பிளான்ட். மரியஜான் கடலோர நலச் சங்கத்தின் தலைவரும்கூட.

"சனியாழ்ச்ச நம்ம முகாமுக்கு வா மக்கா. வேல காரியம் அங்க வச்சுப் பேசலாம்" என்றார், வேலை கேட்டுப் போன பெனினிடம்.

மீன் இறக்கும் இடத்துக்கு எதிரே, 'சூரியக் கதிர்களிடமிருந்து சருமம் காப்போம்' என்று பேனர். தலைவர்களுக்கும் மின்விசிறிக்கும் பந்தல். பெனினை மட்டும் பேனரை ஒட்டி வெளியே நிறுத்தினார்கள். மணி பதினொன்றரை.

மரியஜான் புற ஊதாக் கதிரைப் பக்கத்து வீட்டுப் பகையாளியைப் போலத் திட்டினார். பத்து மணி முதல் நாலு மணிவரை யாரும் வெளியே இறங்கக் கூடாது என்று, மீன்கூடை சுமந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மீனுக்கும் ஒரு வார்த்த சொல்லிருங்க முதலாளி" என்றான் கூடைக்கு அடியிலிருந்து சூசை.

பிறகு பெனினுக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் ஒரு கிரீம் ட்யூபைக் கொடுத்தார்கள். அவன் பொன்னாடையை இழுத்துத் தலையையும் காதையும் மூடிக்கொண்டான்.

"அத இறக்குலே. போட்டோல மொகம் தெரியாண்டாமா?" என்றார் மரியஜான்.

இறக்கினான். போட்டோக்காரருக்குத் திருப்தி வர எட்டுப் படம் ஆனது. கட்டுக்குள் காது கொதித்தது.

கூட்டம் கலைந்ததும் மெதுவாகக் கேட்டான். "முதலாளி, பிளான்ட்ல..."

"உள்ள ஆளு நெறஞ்சாச்சு மக்கா. ஆனா ஒன்னக் கைவிட மாட்டேன். சங்கத்து நோட்டீஸ் குடுக்க ஆளு வேணும். பத்தரைக்கு வந்து மூணு மணிவர பஸ் ஸ்டாப்புல நின்னாப் போரும். சம்பளம் உண்டு."

"கட வாசல்ல நெழலு உண்டு. அங்க நின்னு குடுக்கட்டா?"

"நெழல்ல நின்னா ஒன்ன ஆரு பாப்பாரு?"

பெனின் நோட்டீஸ் கட்டை வாங்கிக்கொண்டான்.

வீட்டில் ஷெர்லி அடுக்களையிலிருந்து வந்தாள். "வேல கிட்டிச்சா?"

"கிட்டிச்சு."

"உள்ளதானே?"

அவன் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கொடுத்தான். அவள் காதுக் கட்டை அவிழ்த்தாள். பஞ்சு புண்ணோடு ஒட்டியிருந்தது.

"மெள்ள இழுட்டி" என்றான்.