கொக்கு என்ற சொல் பிறந்த வியாழக்கிழமை

1

தமிழில் கடைசியாக ஒரு புதுச்சொல் சேர்ந்தது போன ஆடி மாதம், வியாழக்கிழமை காலை பத்தேகாலுக்கு. சேர்த்தவன் நான். ஒரகடத்திலிருந்து தண்டலம் வரை தினமும் இரண்டு லட்சம் பேர் அதைச் சொல்கிறார்கள். (சரி, இருநூறு பேர். எங்கள் கம்பெனி பஸ் நாலிலும்.)

சொல், 'கொக்கு'. பொருள், வெட்டிப்பேச்சு. உளறலுக்குக் காரணமே வேண்டாம். பிதற்றலுக்குக் காய்ச்சலாவது வேண்டும். கொக்குக்கு அளவு வேண்டும்: உயரம் இத்தனை, எடை இத்தனை என்று அடித்துச் சொல்லும் உளறல்தான் கொக்கு.

2

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "ஏரி இருந்த இடத்தில் எழுந்த தொழிற்சாலைக்குள், பழைய தண்ணீரைத் தேடி ஒரு பறவை —"

வேண்டாம். அழகாக இருக்கிறது, நம்பமாட்டீர்கள்.

கார் ஒழுகுகிறதா என்று செயற்கை மழையில் நனைத்துப் பார்க்கும் இடத்தில் எனக்கு வேலை. ஓய்வுக்கு அப்போது இருபது நாள் பாக்கி. கூட இருந்தவன் இசக்கி, கோவில்பட்டிப் பக்கத்து ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மழைக்குள் ஒரு கொக்கு வந்து நின்றது. அடுத்த கார் அதை இடிக்குமுன் இசக்கி லைனை நிறுத்தினான். ஒன்பது நிமிடம். கொக்கு பறந்துவிட்டது. ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'கொக்கு' என்று எழுதினான். சூப்பர்வைசர் எழிலரசன் விசாரணை வைத்தான்.

3

ஒரே சாட்சி நான். உள்ளே போகுமுன் இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, பார்த்ததை மட்டும் சொல்லுங்க. மேல ஒண்ணும் போட்டுறாதீங்க."

கொக்கின் உயரம் ஆறடி என்றேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது என்றேன்.* அறையே சிரித்தது.

"நடேசண்ணே, கொக்கு வுடாத" என்றான் எழிலரசன். மணி பத்தேகால்.

பொய் ரிப்போர்ட் என்று எழுதி, சனிக்கிழமை இசக்கியை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

* என் பேச்சுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு கிடைத்ததே இல்லை. நிறுத்த முடியவில்லை.

4

முடிவு ஒன்று: கொக்கு திரும்பி வருகிறது. (வராது.) முடிவு இரண்டு: நான் திருந்துகிறேன். (அதற்குக் கொக்கே திரும்பி வந்துவிடும்.)

இசக்கியை வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்ளுமாம். பழைய சூப்பர்வைசர் நல்ல வார்த்தை சொன்னால். அதற்கு நாளை கடைசி நாள். அதனால் இதுவரை எழுதியதைத் தூக்கிக்கொண்டு பிள்ளைப்பாக்கத்துக்கு, எழிலரசன் வீட்டுக்குப் போனேன். கூடவே ஒரு தனித்தாள்: உயரம் இரண்டடி, அட்டை கிடையாது, மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. நான் எழுதியதிலேயே சப்பையான பத்தி அது.

எழிலரசன் அதைத்தான் இரண்டு தடவை படித்தான்.

"இன்னாண்ணே, ஒரு பொய்கூட காணோம்?"

நான் எழுந்து செருப்பு மாட்டும்போது இசக்கியின் நம்பரைக் கேட்டான்.

மறுமுனையில் இசக்கி என்ன சொன்னான், வேலை கிடைத்ததா என்பதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் என் கையை நானே நம்பவில்லை. எழிலரசன் சொன்னதை மட்டும் கூட்டாமல் தருகிறேன்.

"கொக்கு வந்துச்சு இசக்கி. நானும் பாத்தேன். காத்து வரட்டும்னு பின்னால ஷட்டரைத் தொறந்து வெச்சதே நான்தான்."