பாலத்திலிருந்து வந்த கற்கள்

ஆப்பிரிக்க நாடுகளில் நடக்கும் ஊர்வலம், கடையடைப்பு, துப்பாக்கிச் சூடு எல்லாவற்றையும் செய்திகளிலிருந்து எடுத்து வகை பிரிப்பதுதான் அந்த ஆய்வு நிறுவனத்தின் வேலை. மூன்று பத்திரிகைகள் ஒரே மாதிரி எழுதினால் அதுவே முடிவு என்பது விதி. குறித்தவர் பெயர் பதிவுக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

அன்று அங்கே ஒரு பெண் ஆய்வாளரின் மேசைக்கு வந்தது ஓர் ஆற்றங்கரை நகரத்தின் செய்தி. புதிய வரியை எதிர்த்து மீன் விற்கும் பெண்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். பாலத்தின் மேலிருந்து கல்லெறிந்ததால்தான் சுட்டோம் என்றது போலீஸ். மூன்று பத்திரிகைகளும் அதையே எழுதின. விதிப்படி அது 'கலவரம்'. அவள் 'அமைதிப் போராட்டம்' என்று குறித்தாள்.

இயக்குநர் அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"ஏம்மா, மூணு பத்திரிகை சொல்லுது. நீ ஒத்தை ஆளா இல்லங்கிற?"

"மூணு இல்ல சார். போலீஸ் அறிக்கை ஒண்ணு. அதை மூணு பேர் வாந்தியெடுத்திருக்காங்க."

"எதை வச்சு சொல்ற?"

"அந்தப் பாலம் போன வருஷ வெள்ளத்துல போயிடுச்சு. திரும்பக் கட்டச் சொல்லி இதே பொம்பளைங்கதான் போராடினாங்க. அதைக் குறிச்சதும் நான்தான். இந்த வாரச் செயற்கைக்கோள் படத்துலயும் வெறும் தூண்தான் நிக்குது. இல்லாத பாலத்துல ஏறி எப்படி சார் கல்லெறிவாங்க?"

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாயங்காலம் கூட்டத்துக்கு அந்த நாட்டுத் தூதரே வர்றார். விதி விதிதான். மாத்திடு. உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. வேலை போன கணவன் வீட்டில் இருக்கிறான். அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான்.

"மாட்டேன் சார்."

அவர் பக்கத்து மேசைக்குத் திரும்பினார். அங்கே இருந்தவன் ஓயாத வாயால் 'ரேடியோ' என்று பேர் வாங்கியவன்.

"அப்ப நீ மாத்துப்பா."

"எனக்கு நீச்சல் தெரியாது சார்," என்றான் ரேடியோ. "அந்தப் பாலத்துல என்னை ஏத்தாதீங்க."

அவள் விசைப்பலகையை இயக்குநர் பக்கம் நகர்த்தினாள். "நீங்களே மாத்துங்க சார். பேரு மட்டும் உங்க பேரா இருக்கும்."

அவர் கை பாதி தூரம் வந்து நின்றது. பிறகு சட்டைப்பைக்குள் போனது.

"ஒப்பந்தத்தைப் பத்தி நாளைக்குப் பேசுவோம்."

"பேசுவோம் சார்," என்றாள். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அடுத்த ஊர்வலத்தைத் திறந்தாள்.